மூடித் தைத்த காலுறை

"ரோண்டா வீட்டுல ஏசு பொறக்குறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே கேம் பொறந்துடும்" என்று பக்கத்து வீட்டு ஜூடி மாகி கேலி பேசுவாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சுப்பீரியர் ஏரிக்கரையில் கடைசிப் பனி கரைந்து கொசு கிளம்புகிற ஜூன் மாதத்திலேயே, ரோண்டா காங்காஸ் வீட்டில் தரைக்கு அடியிலிருக்கும் கீழறையில் எம்பிராய்டரி மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். கிறிஸ்துமஸ் வரும்போது அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும் அவள் கையால் ஒரு பரிசு உண்டு. துண்டு, தலையணை உறை, குல்லா, பரிசு போட்டுவைக்கச் சுவரில் தொங்கவிடுகிற காலுறை. எல்லாவற்றிலும் வீடியோ கேம்தான். கட்டம் கட்டமாக அமைந்த இதயங்கள், முழிபிதுங்கிய குட்டிப் பேய்கள், இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலர்கள்.

"மத்தவங்க மரத்துல தேவதை தொங்கும். உன் மரத்துல பேய் தொங்குது. பாதிரியார் பாத்தார்னா உனக்கு மந்திரிக்க ஆரம்பிச்சுடுவார்" என்பாள் ஜூடி.

"அவர் பேரனுக்குத்தான் போன வருஷம் பேய்க் குல்லா தைச்சேன். அவரே வந்து ரெண்டாவது கேட்டு வாங்கிட்டுப் போனார்."

கல்யாணம் ஆகாத நாற்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு எதற்கு இந்தக் கேம் பைத்தியம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் யாரும் கேட்க மாட்டார்கள். அது தம்பிக்காக என்று அவர்களுக்குத் தெரியும்.

ரோண்டாவுக்குப் பத்தொன்பது வயது ஆனபோது அம்மா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். தம்பி ட்ராவிஸுக்கு அப்போது ஐந்து வயது. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தார். சுரங்கத்தை மூடியபிறகு சமையலறை மேஜையில் பீருடன் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் அங்கிருந்தும் போய்விட்டார். கேரி என்று ஒரு நல்ல பையன் ரோண்டாவுக்கு மோதிரம் போட்டிருந்தான். மினியாபொலிஸில் வேலை கிடைத்ததும் வந்து கூப்பிட்டான். "சின்னப் பையனை யார் பாத்துக்கறது?" என்றாள் அவள்.  கேரி மோதிரத்தைத் திரும்ப வாங்காமலே போய்விட்டான். அந்த மோதிரத்தை விற்றுத்தான் அந்தக் குளிர்காலத்துக்கு வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் நிரப்பினாள்.

அதே குளிர்காலத்தில் சர்ச் பழைய பொருள் விற்பனையில் ஒரு கேம் பெட்டியைக் கண்டாள். அதில் இரண்டு கன்ட்ரோலர்கள் இருந்தன. ட்ராவிஸ் முதல் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு, "நான் ஒண்ணு! நீ ரெண்டு!" என்று கத்தினான். அம்மா செத்தபிறகு அவன் வாய்விட்டுக் கத்தியது அன்றுதான். அன்று முதல் அந்த வீட்டில் ட்ராவிஸ் ஒன்று, ரோண்டா இரண்டு. சமையல் வேலை முடிந்து சோறும் கறியும் மணக்கிற உடையோடு வந்து கம்பளத்தில் உட்கார்ந்து, தம்பியின் பக்கத்தில் பொத்தானை அமுக்கிக்கொண்டு, எத்தனையோ சாயங்காலங்களை அவள் கழித்தாள். பின்னாளில் பழைய எம்பிராய்டரி மெஷின் ஒன்று கிடைத்தபோது அவள் முதலில் தைத்தது இரண்டு காலுறைகளை. ஒன்றில் ஒரு கன்ட்ரோலரும் "ஆட்டக்காரர் 1" என்ற எழுத்தும். மற்றதில் "ஆட்டக்காரர் 2".

ட்ராவிஸ் வளர்ந்து மரம் ஏற்றும் லாரி ஓட்டப் போனான். கேமை விடவில்லை. இணையத்தில் ஆடும்போது அரிசோனாவிலிருந்து ஒரு பெண் அவனுடன் சேர்ந்து ஆடினாள். முகம் பார்க்காமலே இரண்டு வருஷம் ஒருவர் முதுகை ஒருவர் காத்துச் சண்டை போட்டார்கள். பிறகு அவள் விமானம் ஏறி, வெயில் காலச் சட்டையோடு, முழங்கால் அளவு பனியில் வந்து இறங்கினாள். அவள்தான் ஷெல்பி.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ட்ராவிஸ் சமையலறையில் நின்றுகொண்டு, வாய் நிறைய நிசு என்கிற ஏலக்காய் ரொட்டியோடு சொன்னான்:

"ரோ, ஷெல்பிக்கும் ஒரு காலுறை தைச்சுடேன். ரெண்டாம் நம்பர் போட்டு."

"ரெண்டா? அப்போ நான்?"

"நீ மூணு. இப்போ மூணு பேர் ஆடுற கேமே நிறைய வந்துடுச்சு, தெரியாதா?"

அவன் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் இப்படித்தான். இருபது வருஷத்தை ரொட்டித் துண்டோடு சேர்த்து மென்று விழுங்கிவிட்டு, இன்னொரு துண்டுக்குக் கை நீட்டுவார்கள். ரோண்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழறைக்கு இறங்கினாள். ஷெல்பிக்குப் புதுக் காலுறையில் இரண்டாம் நம்பரைத் தைத்தாள். தன் காலுறையிலிருந்த "2" ஐத் தையல் பிரிக்கும் கத்தியால் பிரித்து எடுத்துவிட்டு அதே இடத்தில் "3" ஐத் தைத்தாள். மெஷின் தையலைப் பிரித்தால் நூல்தான் போகும். ஊசி குத்தின துளைகள் போகாது. அந்த மூன்றைச் சுற்றி, பழைய இரண்டு புள்ளி புள்ளியாக இன்றைக்கும் நிற்கிறது.

அதற்குப்பிறகு நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் சண்டை போட்டுக்கொண்டதாக யாரும் பார்த்ததில்லை. அன்பாக இருந்ததாகவும் யாரும் பார்த்ததில்லை. "குளிருது" என்பாள் ஷெல்பி. "ஜனவரின்னா குளிரும்" என்பாள் ரோண்டா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

இந்த வருஷம் நிலைமை மாறியது. ஷெல்பி கர்ப்பமானாள். கோடைகாலத்திலேயே ட்ராவிஸ் ஓடி வந்து அக்காவைத் தூக்கிச் சுற்றினான். குழந்தைக்கும் ஒரு காலுறை கேட்டான். "ஆட்டக்காரர் 4, வந்துகொண்டிருக்கிறார்" என்று எழுத்து. அதன் கீழே பாதி நிரம்பிய ஒரு பட்டை, கேம் தொடங்கும் முன் திரையில் நிரம்புமே, அது மாதிரி. ரோண்டா அதைத் தைத்து ஷெல்பியின் மடியில் வைத்தாள். ஷெல்பி அதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். "அழகா இருக்கு, ரோண்டா" என்றாள். ரோண்டாவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. தன் ரத்தத்தில் ஓர் உயிர் மறுபடி அந்தக் கம்பளத்தில் உட்காரப்போகிறது என்று நினைத்து நினைத்துப் பூரித்தாள்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய நாள், பள்ளிக்கூடமெல்லாம் விடுமுறை. வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுக் குல்லாவோடு ட்ராவிஸ் வந்தான். அவனுடைய பழைய காலுறையைப் பரணில் எலி கடித்திருந்தது. புதிதாகத் தைக்க வேண்டும்.

"கடும்பச்சைத் துணி. அடியில கன்ட்ரோலர். அதுக்கு மேல மூணு இதயம். அதுக்கும் மேல என் பேர்" என்று விரலால் மேஜையில் வரைந்து காட்டினான். கேமில் எத்தனை உயிர் மிச்சம் என்று அந்த இதயங்கள்தான் காட்டும். அடி பட்டால் ஒவ்வொன்றாகக் காலியாகும். "மூணும் நெறஞ்சு இருக்கணும், ரோ. பாதி இதயம் கீதயம் வச்சுடாத. அப்பா ஆகப்போறவன் முழு உயிரோட இருக்க வேணாமா?"

"மூளைக்கும் ஒரு கட்டம் வச்சுத் தைக்கட்டுமா? காலியாத்தான் இருக்கும்."

"அது நம்ம குடும்பச் சொத்து, அக்காகிட்டேர்ந்துதான் வந்தது" என்று அவள் தலையில் தன் குல்லாவைக் கவிழ்த்துவிட்டுப் போனான். அவள் அவனை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

நவம்பர் முடிகிற வாரம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரோண்டா கீழறையில் உட்கார்ந்தாள். காலுறை கடையில் வாங்கியது, முன்னும் பின்னும் சேர்த்துத் தைத்துக் குழாயாக இருப்பது. அதன் முன்துணியை மட்டும் வளையத்தில் இறுக்க வேண்டும். பின்துணியை ஊசிக்குக் கீழே போகாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். எல்லோரும் கவ்விகளைப் போட்டு ஒதுக்குவார்கள். ரோண்டாவின் கவ்விகள் அன்று வேறு துணியில் மாட்டியிருந்தன. தேடிப்போகச் சோம்பல்பட்டு, பின்துணியை இடது கையாலேயே பிடித்துக்கொண்டாள். எத்தனையோ முறை அப்படிப் பிடித்திருக்கிறாள்.

பொத்தானை அழுத்தினால் மெஷின் தானே தைக்கும். ஒரு நிறம் முடிந்தால் நிற்கும், நூலை மாற்றச் சொல்லிக் கூப்பிடும். சாம்பல் நூலில் கன்ட்ரோலர் முடிந்தது. கறுப்பு நூலில் பொத்தான்கள் முடிந்தன. சிவப்பு நூலை மாட்டினாள். இதயங்களுக்கும் பெயருக்கும் ஒரே சிவப்பு, இனி நடுவில் நிற்காது. ஊசி முதல் இதயத்தைத் தொடங்கியபோது மாடியில் போன் அடித்தது. கீழறையில் சிக்னல் கிடைக்காது என்பதால் எப்போதும் அதைச் சமையலறையில்தான் வைப்பாள். ஒருமுறை அடித்து நின்றது. உடனே மறுபடி அடித்தது.

ரோண்டா கையை எடுத்தாள். மாடிக்கு ஓடினாள்.

"ரோண்டா..." என்றாள் ஷெல்பி.  போனை வேறொருவர் வாங்கினார். போலீஸ்காரர். பனிக்கட்டி படிந்த வளைவில் லாரி சறுக்கியிருக்கிறது என்றார். மரங்கள் முன்பக்கம் சரிந்துவிட்டன என்றார். இன்னும் என்னென்னவோ சொன்னார், எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கீழறையில் மெஷின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் படிக்கட்டு வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் குளிர்காலத்தில் செத்தவர்களுக்குக் குழி கிடையாது. மண் இரும்பாக இறுகிவிடும். கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் ஒரு கற்கட்டடம் உண்டு. பெட்டியை அங்கே வைத்துப் பூட்டுவார்கள். மே மாதம் மண் இளகினால்தான் அடக்கம். ட்ராவிஸையும் அப்படித்தான் வைத்தார்கள். சர்ச்சில் பாட்டு முடிந்தது, காப்பியும் ரொட்டியும் கொடுத்தார்கள், எல்லோரும் போய்விட்டார்கள். முதல் வரிசையில் ஷெல்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள், ரோண்டா இந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ட்ராவிஸ் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது.

சில நாள் கழித்துத்தான் ரோண்டா கீழறைக்கு இறங்கினாள். மெஷினில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்தது என்று அர்த்தம். வளையத்தில் காலுறை அப்படியே இருந்தது. கன்ட்ரோலர், அதன்மேல் மூன்று சிவப்பு இதயங்கள், அதன்மேல் "ஆட்டக்காரர் 1, ட்ராவிஸ்". அவள் இதுவரை தைத்ததிலேயே இவ்வளவு நேர்த்தியாக ஒன்றும் வந்ததில்லை. வளையத்திலிருந்து கழற்றி, வழக்கம்போல் உள்ளே கையை விட்டாள்.

நாலு விரல் போனது. அதற்குமேல் போகவில்லை.

கை எடுத்தவுடனே பின்துணி நழுவி ஊசிக்குக் கீழே போயிருக்கிறது. இதயங்களையும் பெயரையும் முன்துணியோடு பின்துணியையும் சேர்த்து மெஷின் தைத்துத் தள்ளியிருக்கிறது. கன்ட்ரோலர் மட்டும்தான் முன்துணியில் தனியாக நின்றது. போன் வருவதற்கு முன்னால் தைத்தது. அவன் இருந்தபோது தைத்தது திறந்திருக்கிறது, அவன் போனபிறகு தைத்தது மூடிக்கிடக்கிறது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கன்ட்ரோலர்மேல் கன்னத்தை வைத்து அழுதாள்.

டிசம்பரின் முதல் வாரத்தில் ஷெல்பி போன் செய்தாள்.

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன். இருபத்திமூணாம் தேதி ஃப்ளைட். குழந்தை அங்கதான் பொறக்கும்."

 "சரி" என்றாள் ரோண்டா.

"போறதுக்கு முன்னாடி ட்ராவிஸ் காலுறை எனக்கு வேணும். எங்க அம்மா வீட்டுல எங்க மூணு பேரோடதையும் சேத்து மாட்டணும். அதுக்குள்ள வைக்க வேண்டியது ஒண்ணு எங்கிட்ட இருக்கு. தைச்சு முடிச்சுட்டீங்கதானே?"

"இன்னும் முடியல."

ஏன் அப்படிச் சொன்னாள்? கை போகாத காலுறையை எப்படிக் கொடுப்பது? அந்தப் பெண் உள்ளே வைக்க ஆசையோடு எதையோ கொண்டுவருவாள். கையை விடுவாள். கை முட்டி நிற்கும். உன் புருஷன் செத்த சேதியோடு வந்த போனை எடுக்கப் பின்துணியைக் கைவிட்டேன், அதனால் உனக்கு அவன் காலுறைகூட இல்லை என்று எந்த வாயால் சொல்வது? பிரித்துத் திறக்கலாம். பிரித்தால் துளைகள் நிற்கும், துணி கிழிந்தாலும் கிழியும். ரோண்டா கத்தியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ஷெல்பி இரண்டாம் முறை கேட்டபோதும் "முடியல" என்றாள். மூன்றாம் முறை ஷெல்பியின் குரல் மாறியிருந்தது.

"ஒரு காலுறை தைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும், ரோண்டா. ஊருக்கே தைச்சுக் குடுக்குறீங்க. எனக்குன்னா மட்டும் முடியலையா? அவனை எங்கிட்ட முழுசா விட்டுக் குடுத்ததே இல்ல நீங்க. இப்பவாவது..." என்று நிறுத்தினாள். "இருபத்திமூணு காலையில வருவேன். இருந்தா குடுங்க. இல்லைன்னா இனிமே நமக்குள்ள ஒண்ணுமில்ல. குழந்தைக்கும் ஒண்ணுமில்ல."

ஜூடி சாயங்காலம் கறி அடைத்துச் சுட்ட பேஸ்டியைச் சூடாகக் கொண்டுவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பைத்தியமே, உள்ளதைச் சொல்லிடேன்! கேக்கக் கூச்சமா, சொல்லக் கூச்சமா? நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தக் குழந்தை காலேஜ் போயிடும்."

"சொன்னா, நான் வேணும்னே தைச்சேன்னு நினைப்பா."

"யாராவது வேணும்னே காலுறையை மூடித் தைப்பாங்களாடி?"

"நம்மளை மாதிரி தைக்கிறவங்களுக்கு அது தெரியும். அவளுக்குத் தெரியாது."



இருபத்திரண்டாம் தேதி காலையில் ரோண்டா மனசைக் கல்லாக்கிக்கொண்டு காலுறையைச் சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்தாள். ஜன்னல் பக்கம் வெளிச்சமாக இருந்தது. அவன் பெயரில் கத்தி வைக்க மனம் வராமல், அவன் காலியாக்கக்கூடாது என்று சொன்ன இதயங்களில்தான் தொடங்கினாள். பின்பக்கம் கத்தியைக் கொடுத்து உள்நூலை அறுத்தாள். முன்பக்கம் சிவப்பு நூல் சுருள் சுருளாக எழுந்து வந்தது. முதல் இதயம் போனது. அது இருந்த இடத்தில் துணி அம்மை விழுந்த முகம் மாதிரி ஆனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதில் கத்தியை வைத்தபோது வாசலில் கார் நின்றது. இந்த ஊரில் கதவைத் தட்டிவிட்டு நிற்கிற வழக்கம் இல்லை. ஷெல்பி உள்ளே வந்துவிட்டாள்.

"நாளைக்குப் பனிப்புயலாம். ஃப்ளைட்டை இன்னைக்கே மாத்திட்டாங்க. அதான்..." என்றவள் மேஜையைப் பார்த்தாள். பச்சைத் துணி, கத்தி, குவிந்து கிடந்த சிவப்பு நூல். ட்ராவிஸ் என்ற பெயர். 

"முடியல, முடியலன்னு சொன்னீங்களே. முடிஞ்சுதானே இருக்கு?" சிவப்பு நூலைக் கையில் அள்ளினாள். "பிரிக்கிறீங்களா? எனக்குக் குடுக்கக்கூடாதுன்னு உக்காந்து பிரிக்கிறீங்களா, ரோண்டா?"

ரோண்டா காலுறையை நீட்டினாள்.

"கையை உள்ள விடு."

"என்ன?"

"விடும்மா. விட்டுப் பாரு."

ஷெல்பி கையை விட்டாள். நாலு விரலில் நின்றது. இன்னும் அழுத்தினாள். துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பெயர் அங்கே கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகத் தைக்கப்பட்டிருந்தது.

"மூடியிருக்கு."

"கையில பிடிச்சுட்டிருந்தேன். நீ போன் பண்ணினப்போ விட்டுட்டேன். மெஷின் பாட்டுக்குத் தைச்சிருக்கு. உனக்குத் திறந்து குடுக்கணும்னுதான் பிரிச்சேன். சத்தியமா அதுக்குத்தான்." ரோண்டா மூக்கை உறிஞ்சினாள். "கன்ட்ரோலர்ல மட்டும் கை வைக்கல. அது நல்லாருக்கு பாரு. அது அவன் உயிரோட இருக்கும்போது தைச்சது. அதுக்கப்புறம்தான் போன் வந்துச்சு."

ஷெல்பி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். 

"எத்தனை மணிக்கு மெஷின்ல உக்காந்தீங்க?"

"மத்தியானம் சாப்பிட்டதும்."

"ரோண்டா... அவன் காலையிலயே போயிட்டான். இருட்டு விலகறதுக்குள்ளயே. அந்த ரோட்டுல அதுக்கப்புறம் ரொம்ப நேரம் யாரும் வரல. அவனைப் பாத்து, என்னைத் தேடிப் பிடிச்சுச் சொல்றதுக்கே மத்தியானம் ஆயிடுச்சு."

 ரோண்டா கன்ட்ரோலரைப் பார்த்தாள். சாம்பல் நூல், கறுப்புப் பொத்தான்கள். அவள் சூப்பை ஊதி ஊதிக் குடித்தபோது, நூலைக் கோத்தபோது, அவன் பேரை மெஷினில் ஏற்றியபோது, அந்த வளைவில் அவன் தனியாகக் குளிர்ந்து கிடந்திருக்கிறான். அவன் உயிரோடு இருந்தபோது தைத்தது என்று அந்தக் காலுறையில் ஒரு தையல்கூட இல்லை.

"அப்போ இதுவும் எதுக்கு?" என்று மேஜையிலிருந்த கத்தியைச் சட்டென்று எடுத்தாள். "எல்லாத்தையும் பிரிச்சுடறேன். எல்லாம் போகட்டும்!"

"விடுங்க!" ஷெல்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கத்தி மேஜையில் விழுந்து உருண்டு தரைக்குப் போனது. இருவருக்கும் நடுவில் ஷெல்பியின் பெரிய வயிறு. வயிற்றுக்குள் குழந்தை உதைத்ததை ரோண்டாவின் முழங்கை உணர்ந்தது.  அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. பத்தொன்பது வயதில் அழ வேண்டியதையும் சேர்த்து அன்றுதான் அழுதாள் போலிருக்கிறது. ஷெல்பி அவள் கையை விடவில்லை.

அழுகை அடங்கியபிறகு ஷெல்பி பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தாள். ஸ்கேன் படம். கறுப்பில் வெள்ளையாக, மடங்கிய கையும் மூக்கும்.

"அவன் இதைப் பாக்கல. அந்த வாரம் வெள்ளிக்கிழமை ரெண்டு பேருமா போறதா இருந்தோம். இதைத்தான் உள்ள வைக்கணும்னு கேட்டேன். இதுக்கு எதுக்கு அவ்வளவு ஆழம்?"

படத்தைக் காலுறையின் வாயில் செருகினாள். நாலு விரல் ஆழம் அதற்குச் சரியாக இருந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இரண்டு பெண்களும் மூன்று வாரம் ஒருவரையொருவர் வெறுத்திருக்க வேண்டாம். அந்த இரண்டு இதயங்களும் இருந்திருக்கும்.

"மூணும் நெறஞ்சு இருக்கணும்னு சொன்னான். ஒண்ணுதான் மிச்சம்" என்றாள் ரோண்டா.

"அந்தக் கிறுக்கன் ஒரே ஒரு இதயத்தை வச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் ஆடுவான். நான்தான் பின்னாடி நின்னு கத்துவேன், ஓடுடா, ஓடுடான்னு." ஷெல்பி சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணிக்கொண்டு போனது.

அவள் எழுந்தபோது சுவரில் மாட்டியிருந்த ரோண்டாவின் காலுறை கண்ணில் பட்டது. கிட்டே போய்ப் பார்த்தாள். மூன்றைச் சுற்றியிருந்த துளைகளைச் சுட்டுவிரலால் தொடர்ந்து போனாள். மேலே வளைந்து, குறுக்கே இறங்கி, அடியில் ஒரு கோடு. திரும்பி ரோண்டாவைப் பார்த்தாள். ரோண்டா தரையில் கிடந்த கத்தியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

"எனக்குத் தெரியாது, ரோண்டா. யாரும் எனக்குச் சொல்லல."

"பழைய கதை, விடு." கத்தியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "இருந்துடேன், ஷெல்பி. கீழறையைச் சூடாக்கித் தரேன்" என்றாள்.

"எங்க வீட்டு வாசல்ல அவன் பூட்ஸ் இருக்கு. தினமும் அதைத் தாண்டிப் போறேன், தாண்டி வரேன். முடியல. நிஜமா என்னால முடியல."

"மண்ணு இளகினதும் அடக்கம். வருவியா?"

"வரணும்" என்றாள் ஷெல்பி. வருவேன் என்று சொல்லவில்லை. காலுறையை மடிக்காமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டு காரை எடுத்தாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ரோண்டாவின் சுவரில் மூன்றாம் நம்பர் மட்டும் தொங்கியது. ஜூடி கூப்பிட்டும் அவள் போகவில்லை.

மே மாதம் ஷெல்பி வந்தாள். மூன்று மாதக் குழந்தையோடு வந்தாள். பெண். பெயர் ஹேசல். கல்லறைத் தோட்டத்தில் மர நிழல்களில் அழுக்குப் பனி இன்னும் கிடந்தது. பெட்டியை இறக்குவதற்கு முன்னால் ஷெல்பி பையிலிருந்து பச்சைக் காலுறையை எடுத்தாள்.

"இதையும் கூட வச்சுடட்டுமா?" என்று ரோண்டாவிடம் கேட்டாள். அவள் எதற்காகவும் ரோண்டாவின் சம்மதத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரோண்டா அந்தத் துளைகளைப் பார்த்தாள். "வேணாம். அவ்வளவு ஓட்டை. அவனுக்குக் குளிரும்" என்றாள்.

ஷெல்பி ஸ்கேன் படத்தை மட்டும் வெளியே எடுத்துப் பெட்டியின் மூடியில் வைத்தாள். காற்றில் பறக்காமல் அதன்மேல் ஒரு பிடி மண்ணை வைத்தாள். பிறகு குழிக்குப் பக்கத்தில் மண்டியிட வேண்டியிருந்ததால் குழந்தையை ரோண்டாவிடம் நீட்டினாள். அந்தச் சில நிமிடங்கள் ஹேசல் அத்தையின் கோட்டுப் பித்தானைச் சப்பிக்கொண்டிருந்தது. கயிறுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ரோண்டா குழிக்குள் பார்க்கவில்லை, பித்தானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் ஷெல்பி கிளம்பிவிட்டாள். விமான நிலையத்தில் சொன்னாள்: "நாலாம் நம்பருக்குப் புதுசு ஒண்ணு வேணும். பட்டை முழுசா நெறஞ்சது. இவ இனிமே வந்துட்டு இருக்கல, வந்துட்டா." எங்கே மாட்டப் போகிறாள், இங்கேயா அங்கேயா என்று ரோண்டா கேட்கவில்லை.

ஜூன் பிறந்தது. கொசு கிளம்பியது. ரோண்டா கீழறையில் உட்கார்ந்தாள். போனைத் தூரத்தில் வைக்கப் பயந்து, இந்தத் தடவை கீழறைச் சுவருக்கு ஒரு கம்பிப் போன் இழுத்திருந்தாள். காலுறையின் பின்துணியைச் சுற்றிச் சுற்றி எட்டுக் கவ்வி போட்டாள். அப்படியும் நம்பாமல் இடது கையை வளையத்துக்கு அடியில் விட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டாள். பட்டையில் கடைசிக் கட்டம் நிரம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

 ரோண்டா எழுந்து ஓடவில்லை. முதலில் பொத்தானை அழுத்தினாள். ஊசி துணிக்கு மேலே நின்றது. இடது கையை எடுக்காமலே வலது கையை நீட்டிப் போனை எடுத்தாள். மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதற்கு மேலாக ஷெல்பி எதையோ கத்திச் சொன்னாள்.

"அழட்டும் விடு, நான் எங்கயும் போகல" என்றாள் ரோண்டா. "நீ மெதுவாச் சொல்லு."